வெறும் வயிற்றோடு போன டாங்க்

"லுக்யான், அந்தப் பொட்டிய எப்பத்தான்டா எங்க ஊரை விட்டுக் கிளப்புவீங்க?"

ரயீசா அத்தை காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். சூரியகாந்தி எண்ணெய் ஆட்டும் அவளுடைய கொட்டகையில்தான் எங்கள் டாங்க் ஒளிந்திருந்தது.

"இருட்டட்டும் அத்தை, போயிடறோம்."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

இதே அத்தைதான், நாங்கள் வந்து இறங்கிய அன்று பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டையைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஜெர்மன்காரன் கொடுத்த டாங்க் என்று அதன் மூக்கில் சிலுவை வரைந்து முத்தம்கூடக் கொடுத்தாள். அதைத் தேடி வந்த ட்ரோன் பக்கத்து வீட்டுக் கூரையைக் கொளுத்திய பிறகு, அன்பெல்லாம் ஆவியாகிப் போயிற்று.

முன்வரிசைக் காலாட்படையும் அப்படித்தான். "அண்ணே, எங்களுக்கு உதவி செய்யணும்னா தயவுசெஞ்சு தூரமா நில்லுங்க" என்று மத்வீ என்ற பயல் ரேடியோவில் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டான். எங்களைத் துரத்தி வரும் ட்ரோன்கள், நாங்கள் கிடைக்காத கோபத்தில் அவர்களுடைய பதுங்குகுழிகளில் விழுந்தன.

இப்படி ஒரு டாங்க் வேண்டும் என்று நாடு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அங்கே ஜெர்மன்காரர்கள் நாடாளுமன்றத்தில் பேசி, வாதாடி, மனம் இறங்கி அனுப்புவதற்குள் இங்கே வானம் மாறிவிட்டது. வயலில் ஒரு முயல் ஓடினாலும் மேலிருந்து யாரோ பார்க்கிறார்கள். அறுபது டன் இரும்பு எங்கே ஓடும்? பகலெல்லாம் வைக்கோலுக்குள் இருப்போம். கூப்பிட்டால் வெளியே வந்து, தொலைவில் நின்று நாலு குண்டு போட்டுவிட்டு, திருடனைப்போல ஓடி வந்துவிடுவோம். போருக்கு முன்பு நான் கதிர் அறுக்கும் எந்திரம் ஓட்டியவன். அதில் இருந்த கம்பீரம்கூட இதில் இல்லை.

அத்தை திட்டி முடிப்பதற்குள் மருத்துவப் பிரிவு சொலோமியா உள்ளே ஓடி வந்தாள். கையெல்லாம் ரத்தம்.

"கமாண்டர் எங்க?"

டாங்கின் நிழலில் சவரம் செய்துகொண்டிருந்த யரேமா பாதி நுரையோடு எழுந்தார்.

"அடிபட்ட மூணு பேரைக் கொண்டு வந்திருக்காங்க. ஊர்க் கடையோட நிலவறையில படுக்க வெச்சிருக்கேன். ரெண்டு பேர் தாங்குவாங்க. மத்வீ தாங்க மாட்டான். ரத்தம் நிக்கத் தொடையில இறுக்கிக் கட்டினது விடியறதுக்கு முன்னாடி. மதியத்துக்குள்ள ஆபரேஷன் டேபிள்ல போடலேன்னா காலோட போகாது, ஆளே போயிடுவான்."

"பிக்கப் வண்டி இருக்கே?"

"இருக்கு. ரோடு எங்க இருக்கு?"

அவள் சொன்னது புரிந்தது. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்; ஊரிலிருந்து பாலம் வரை ஒரு மரம்கூட இல்லாத சாலை. நேற்று போன பிக்கப் இன்னும் அங்கேதான் கரிக்கட்டையாக நிற்கிறது. மேலே ட்ரோன்கள் காத்திருந்தன. மூடுபனி வந்தால் போகலாம். ஆனால் அன்று வானம் துடைத்துவிட்டதுபோலப் பளிச்சென்றிருந்தது.

யரேமா டாங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டாங்கில் பீரங்கி சுடும் ஸாவாவைக் கேட்டார்.

"நம்மளைப் பார்த்துட்டா அவனுங்க வேற எதையாவது பார்ப்பானுங்களா?"

"நம்மளை விட்டுட்டு பிக்கப்பையா பார்ப்பான்? இது எரியற படம் எடுத்தா அவனுக்கு மெடலு."

"அப்ப மெடல் வாங்கட்டும்" என்றார் யரேமா.

முறைக்காகக் கர்னலை ரேடியோவில் கூப்பிட்டார். கர்னல் கொதித்துவிட்டார்.

"இருட்டுற வரைக்கும் அதை வெளிய எடுக்கக் கூடாது! அது எரியற படம் வெளிநாட்டு டிவில வந்துதுன்னா, அடுத்த டாங்க் கேட்கப் போற எடத்துல என்னன்னு சொல்லுவோம்? கொடுத்ததைக் காப்பாத்தத் தெரியாதவங்கன்னு சிரிக்க மாட்டாங்களா?"

"இங்க ஒருத்தன் செத்துட்டிருக்கான் சார்."

"எனக்கு மட்டும் சந்தோஷமா? வேண்டாம்னா வேண்டாம்."

யரேமா ரேடியோவை மென்மையாக அணைத்தார். மீதி முகத்தையும் சவரம் செய்து முடித்தார்.

"குண்டை எல்லாம் இறக்குங்கடா" என்றார்.

ஸாவா வாயைப் பிளந்தான். "குண்டில்லாமப் போய் என்ன சுடப் போறோம்?"

"சுடப் போகலைப்பா, அடி வாங்கப் போறோம். உள்ள வெடிக்க எதுவும் இல்லேன்னா, இந்த இரும்பு தாங்கும். உள்ள இருக்கிறவன் பிழைக்கணும்னு நெனைச்சுக் கட்டினவன் கட்டியிருக்கான். அதை நம்புவோம். நீ வராதே. பிக்கப்பை நீ ஓட்டு. லுக்யான், உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

"உங்களுக்குக் கியர் போடத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"அப்புறம் என்ன கேள்வி?"

குண்டுகளை ஒவ்வொன்றாகக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினோம். ரயீசா அத்தை இடுப்பில் கை வைத்தாள்.

"ஓஹோ, பொட்டியக் கிளப்பச் சொன்னா வெடிகுண்டை என் கொட்டகையில விட்டுட்டுப் போறீங்களா? நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

சொலோமியா அவள் காதில் விஷயத்தைச் சொன்னாள். அத்தை இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். போய்க் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

மத்வீயைப் பிக்கப்பில் ஏற்றினார்கள். முகம் மெழுகுபோல இருந்தது. எங்களைப் பார்த்ததும் உதட்டைக் கோணினான். "அண்ணே, எங்ககிட்ட வராதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"அதான் உன்னைத் தூரமா அனுப்பறோம். வாயை மூடிட்டுப் படு" என்றேன்.

பாலத்துக்கு எதிர்த்திசையில் இருந்த மொட்டை மேட்டில் டாங்கை ஏற்றினேன். இத்தனை நாளும் ஒளிந்து ஒளிந்து பழகிய எனக்கு, பட்டப்பகலில் ஊரே பார்க்க ஓட்டுவது அம்மணமாக நடப்பதுபோல இருந்தது. மேட்டின் உச்சியில் புகை கக்கி, வட்டமடித்து, கல்யாண வீட்டுக் குடிகாரன்போல ஆடினேன்.

வந்தன. முதல் ட்ரோன் மேலே கட்டியிருந்த கம்பிவலையில் வெடித்தது. அடுத்தது இடப்பக்கச் சக்கரச் சங்கிலியை அறுத்தது. டாங்க் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. இன்னொன்று பின்னால் எஞ்சின்மேல் விழுந்தது. உள்ளே விளக்கு போய், எரிந்த எண்ணெயின் நாற்றம் மூக்கில் ஏறியது.

"இறங்கிடலாமா?" என்று கத்தினேன்.

"ஸாவா சொல்லட்டும்" என்றார் யரேமா. "நாம ஓடறதைப் பார்த்தா, வேலை முடிஞ்சதுன்னு அவனுங்க ரோட்டுப் பக்கம் திரும்பிடுவானுங்க."

அப்படியே உட்கார்ந்திருந்தோம். என் தலைக்கு மேலே இருந்த இரும்பு சூடாகிக்கொண்டு வந்தது. இதைச் செய்த தொழிற்சாலையில் யாரோ ஒருவன் இந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்திருப்பான் அல்லவா, அவனைத்தான் நினைத்துக்கொண்டேன். அவன் பெயர் தெரியவில்லை. ஒழுங்காகத்தான் தட்டிப் பார்த்திருக்கிறான்.

கரகரப்பில் ஸாவாவின் குரல் வந்தது. "பாலம் தாண்டிட்டோம். மூணு பேரும் உயிரோட இருக்காங்க. இறங்கித் தொலைங்கடா!"

கதவைத் தள்ளும்போது என் இரண்டு உள்ளங்கைகளும் வெந்தன. வாய்க்காலுக்குள் உருண்டு படுத்தோம். ஆளில்லாத டாங்கின்மேல் அதற்கப்புறமும் ட்ரோன்கள் விழுந்துகொண்டிருந்தன.

மத்வீயின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. டாங்க் எரியும் படம் அன்று மாலையே உலகமெல்லாம் சுற்றியது. டாங்குகளின் காலம் முடிந்தது என்று யாரோ ஒரு நிபுணர் எங்கோ டிவியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கர்னலே வந்தார். ஒரு சுற்று கத்தித் தீர்த்தார். பிறகு நிலவறைப் படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"குண்டை இறக்கினது யார் யோசனை?"

"என்னோடது" என்றார் யரேமா.

கர்னல் தலையாட்டினார். "வடக்கே ஒரு ஊர்ல அடிபட்டவங்க அஞ்சு பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்க. அங்கயும் இதே மாதிரி மொட்டை ரோடு. பீரங்கி சுத்தாத டாங்க் ஒண்ணு சும்மா நிக்குது. ஓட்டினவன் தலையில அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கான். டாங்க் கேட்டா இன்னொண்ணு குடுப்பாங்க. ஓட்ட ஆளை யாருகிட்டப் போய்க் கேட்பேன்?"

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. யரேமா வேண்டுமென்றே வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொலோமியா என் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல் மட்டும் நின்றுவிட்டது.

"அந்தக் கட்டைக் கொஞ்சம் மெல்லிசாப் போடு சொலோமியா" என்றேன். "கியர் பிடிக்கணும்."