மூன்று பேரும் தலையாட்டிய வார்த்தை

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எங்களைப் பற்றி வெளியே எந்த வார்த்தை சொன்னாலும் அதற்கு மூன்று பேரும் தலையாட்டியிருக்க வேண்டும். மூன்று பேர் என்றால், லிஃப்ட் மெக்கானிக்கான அவன், அவன் மனைவியான மருந்துக்கடைக்காரி, ஐந்து வருஷமாக அவர்களோடு குடும்பம் நடத்தும் நான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருவரும் சேர்ந்து கூப்பிட்டுத்தான் வந்தேன்.

தலையாட்டத்தான் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. 'துணை' என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வருகிறவள் மாதிரி இருக்கிறது என்றாள் அவள். 'இணையர்' என்றான் அவன். மைக் பிடித்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நான் தள்ளினேன். ஊர் வைத்திருக்கும் வார்த்தைகளோ வாயில் வைக்கக் கூசும். ஒருமுறை கோபத்தில் அவள் என்னைச் சக்களத்தி என்றாள். ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று எனக்குக் கண்ணாடிக் கடையில் லீவு. அவள் பெற்ற எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினேன்.

"வேலைக்காரங்ககிட்ட பிள்ளைய அனுப்ப முடியாதுங்க. அவங்க அம்மா வரட்டும்," என்றாள் டீச்சர். நான் யார் என்று அவளே சொல்லட்டும் என்று மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டில் மருந்துக்கடைக்காரியிடம் கத்தினேன். "ஸ்கூல்ல என்னை வேலைக்காரின்னு சொல்லி வச்சிருக்கியே, யாரு தலையாட்டினது?"

அவள் அசரவில்லை. மகளைக் காட்டினாள். "உனக்கு ரெண்டு அம்மாவான்னு கேலி பண்ணி இவளத்தானே அழவச்சாங்க? உனக்கு வார்த்தை வேணும். இவளுக்கு நிம்மதி வேணும்."

"அதுக்கு நான் பாத்திரம் தேய்க்கிறவளா?"

"தினமும் தேய்க்கத்தானே செய்யற!"

அவன் பக்கம் திரும்பினேன். "உனக்கும் தெரியுமா?"

அவன் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தான். தெரிந்திருக்கிறது.

"இந்த வீட்டுல நான் யாரு? நீயே ஒரு வார்த்தை சொல்லு. எதுவா இருந்தாலும் தலையாட்டறேன்."

"கொஞ்சம் பொறு," என்றான். ஐந்து வருஷம் பொறுத்தது போதாதாம்! பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பின்னாலேயே ஓடிவந்து மாடிப்படியில் என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "போகாத. நீ என்னோட..." என்று ஆரம்பித்தான். சொல்லட்டும் என்று நின்றேன். சத்தியமாக, அதற்காக மட்டும்தான் நின்றேன்.

மேல்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு படியேறி வந்தார். அவன் கையை விட்டான்.

"காலைல சீக்கிரம் வந்துடும்மா," என்றான்.