கண்ணாடியில் கை படக் கூடாது

தங்கை கைக்குட்டையைப் பிரித்து, செத்துப்போன பல்பை மேசைமேல் வைத்தாள். "அண்ணே, மறுபடியும் போயிடுச்சு." சொல்லிவிட்டு, பட்டறைக்கு வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னான்.

அவள் புருஷன் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ரகம். அவள் வாசல் தாண்டுவதே அவனுக்கு ஆகாது. அண்ணன் வீட்டுப் பேச்சை எடுத்தால் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். ஆனால் பைக் ஹெட்லைட் பல்பு அண்ணன் பட்டறையில் ஓசியில் கிடைக்கும் என்றதும், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஐயாவின் மனசு இளகிவிட்டது. பல்பு போனால் போய்வரலாம். ஆக, பல்பு போனால்தான் அவளுக்கு அண்ணன். அதுவும் போய்க்கொண்டே இருந்தது.

மெக்கானிக் ஒருமுறை அந்த பைக்கை வரவழைத்து, வயரிங்கை முழுக்கப் பார்த்து, கரண்டை அளவோடு அனுப்பும் ரெகுலேட்டரையும் புதிதாக மாற்றியிருந்தான். அப்படியும் போகிறதே என்று இன்றைக்குப் பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கண்ணாடியில் பால் நிறத்தில் ஒரு கறை, லேசாகக் கொப்பளித்திருந்தது. விரல் தடம். இந்த மாதிரி பல்பை வெறும் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூட்டில் வெந்து, பல்பு சீக்கிரம் போய்விடும். பல்பு வாங்க வரும் எல்லோரிடமும் அவன் இதைச் சொல்வான். தங்கைக்கு மாட்டச் சொல்லிக்கொடுத்தபோதும் சொன்னான். வீட்டில் மாட்டுவது அவள்தான். ஐயா கையில் அழுக்குப் படலாமா?

"கண்ணாடியில கை பட்டிருக்கும்போல."

"பட்டிருக்கும்ணே." அவள் டீயை ஊதினாள். "சமையக்கட்டுக் கைதானே. எண்ணெய் இருக்கத்தான் செய்யும்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புதுப் பல்பை எடுத்துக் கொடுத்து, "தொடாத, என்ன?" என்றான்.

"தொடவே மாட்டேன்ணே."

அவள் போன பிறகும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த பல்பு போனபோது புருஷனே வந்தான். பட்டறையில் நாலைந்து பேர் காத்திருந்த நேரம். வண்டியிலிருந்து இறங்காமலே, "என்ன மச்சான், சொந்தக்காரனுக்கே டூப்ளிகேட் சரக்கா? ஒரு பல்பு நிக்க வைக்கத் தெரியல, வெளிய மெக்கானிக்னு போர்டு" என்றான். அவனோடு சேர்ந்து காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவன், தன் வண்டியை இங்கே விடலாமா என்று யோசிப்பவனைப் போல போர்டை நிமிர்ந்து பார்த்தான்.

நுணலும் தன் வாயால் கெடும். மெக்கானிக்கின் தொழில் ரோஷம் முந்திக்கொண்டது.

"என் சரக்குலயும் குறை இல்ல, வேலையிலயும் குறை இல்ல மாப்பிள்ளை. கண்ணாடியில யாராவது கை வெச்சாத்தான் இப்படிப் போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது.

புருஷன் சிரிப்பை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து பல்பை எடுத்து வெயிலில் பிடித்து, மெதுவாகத் திருப்பிப் பார்த்தான். "கை வெச்சா தடம் தெரியுமோ?" என்று நல்லவிதமாகக் கேட்டான். "இல்ல மாப்பிள்ளை, சில நேரம் சரக்கே..." என்று மெக்கானிக் இழுத்தான். தன் சரக்கைத் தானே பழித்தும் பிரயோஜனமில்லை. புருஷன் பல்பைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்று மெக்கானிக் தொட்ட ஒரு போல்ட்டும் சரியாக உட்காரவில்லை. தங்கைக்கு போன் அடித்தான். எடுக்கவில்லை.

அந்த வாரமே ஒரு பட்டப்பகலில் பைக் வந்து பட்டறையைப் பார்த்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் முழு வீச்சில் எரிந்தது. பின்னால் தங்கை.

"ஒரு குறையும் இல்ல மச்சான். வெளிய காசு குடுத்து வாங்கின புதுப் பல்பு. உங்க தங்கச்சிதான் மாட்டினா" என்றான் புருஷன். "மாட்டிட்டு, கொஞ்ச நேரம் எரியவிட்டு, சூட்டோட அவளையே கழட்டச் சொன்னேன். கண்ணாடியைப் பிடிச்சுத்தான். அப்புறம் துடைச்சு மறுபடி மாட்டினா. இனிமே மறந்தும் தொட மாட்டா."

அவள் வலது கையை மடியில் வைத்திருந்தாள். பல்பு சுற்றி வரும் அதே கைக்குட்டை விரல்களைச் சுற்றியிருந்தது.

"இறங்கி வாம்மா. ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

அவள் இறங்கவில்லை. முகத்தைப் பார்த்தால் போதும் என்று மெக்கானிக் நிமிர்ந்தான். விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. வண்டி திரும்பிப் போன பிறகும் அந்த வெளிச்சம் கண்ணுக்குள் கருவட்டமாக நின்றது. தெருவில் எங்கே பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. முக்காலியைப் பார்த்தபோது, அதன்மேலும் அது உட்கார்ந்திருந்தது.