காட்டுத்தாங்கலின் இருபத்தொன்பது

வட்டாரச் சுகாதார அலுவலகத்துக் காசிநாதன் வரைந்த கோடு அழகாகத்தான் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஐம்பத்தேழில் தொடங்கி, சறுக்கு மரத்தில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி வழுக்கி இறங்கி, கடைசி நான்கு வருடம் பூஜ்யத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது. இந்த வருடம் மட்டும் யாரோ ஊசி போட்டாற்போல் துள்ளி எழுந்து நின்றது.

"இருபத்தொம்பது" என்றார் காசிநாதன். "காட்டுத்தாங்கல் சிசு மரண விகிதம். ஆயிரம் பிறப்புக்கு இருபத்தொம்பது. இன்னாம்மா இது, சங்கீதா?"

சங்கீதா காட்டுத்தாங்கல் கிராமச் சுகாதாரச் செவிலியர். பதினைந்து நாள் விடுப்பு முடிந்து அன்று செவ்வாய்க்கிழமைதான் வேலைக்கு வந்திருந்தாள். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை.

"எங்க ஊர்ல வருஷத்துக்கு முப்பத்திநாலு கொழந்தைதான் சார் பொறக்குது. ஆயிரம் பொறக்கணும்னா முப்பது வருஷம் ஆவும்."

"அதான் சொல்றேன். ஒண்ணு போனா எனக்கு இருபத்தொம்பது போன மாதிரி. நீ லீவ்ல இருந்தப்ப நிஷா சர்வே எடுத்துச்சு. அதுல வந்திருக்கு. வியாழக்கிழமை மீட்டிங்ல இந்தக் கோட்டைத் திரையில போடுவாங்க. ஜவ்வாது மலையில ஒரு இடம் காலியா இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். மகளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு என்பதும் தெரியும். ஆனால் அந்த நிமிடம் சங்கீதாவுக்கு மலை நினைவில் இல்லை. சர்வே தாளில் இருந்த பெயர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்: சௌந்தர்யா. தந்தை: ஜெயசீலன். இரண்டு மாதத்துக்கு முன் தட்டம்மை ஊசி போட்டபோது அவள் விரலைக் கடித்த குழந்தை அது.

அன்று மாலை ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டிகள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற நேரத்தில் அவள் காட்டுத்தாங்கலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஜெயசீலன் வீட்டு வாசலில் போய் நின்றாள். இந்த மாதிரி வீட்டில் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதற்குப் பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தார்கள். அதில் ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் இறந்துபோன குழந்தை உட்கார்ந்து ஷூ லேஸ் ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

சங்கீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவளை அடையாளம் கண்டு, ஊசியின் நினைவு வந்து, லேஸைத் துப்பிவிட்டு வீறிட்டது. திரும்பித் தவழ்ந்து ஓடும்போது சட்டையின் முதுகில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தெரிந்தது.

அந்த ஸ்டிக்கர் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஷூவில் தையல் விலகினாலோ தோலில் வடு இருந்தாலோ, சோதிக்கிறவர் அந்த இடத்தில் ஒட்டுவது. ஒட்டிவிட்டால் அந்த ஷூ ஏற்றுமதிப் பெட்டிக்குள் போகாது. ஜெயசீலன் பத்து வருடமாக ஒட்டுகிறவன்.

"ஜெயசீலா, கொழந்தை நல்லாத்தானே இருக்கு?"

உள்ளேயிருந்து வந்தவன் குழந்தையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

"எங்க வூட்ல கொழந்தை இல்ல, நர்சம்மா."

"அப்ப இது?"

"எதிர்வூட்டு உமைமாக்கா கொழந்தை. வெளையாட வந்திருக்கு."

உமைமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆடு வளர்க்கிறவள். பெயரைக் கேட்டதும் எதிர்வீட்டிலிருந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்துவிட்டாள்.

"என்து தாம்மா. ஒரு படி தவிடு குடுத்து வாங்கினேன். ஆட்டுக்கு வச்சிருந்த நல்ல தவிடு."

பிள்ளை தங்காத வீட்டில் பிறக்கும் குழந்தையை அக்கம்பக்கத்தில் தவிட்டுக்கு விற்றுவிடுவது பழைய வழக்கம். விலை போகாத சரக்கு என்று நினைத்து எமன் அந்தப் பக்கம் வரமாட்டான். ஜெயசீலனுக்குத் தவிடு மட்டும் போதவில்லை. எமனும் கண்டெய்னர் ஏற்றுகிற பார்ட்டி மாதிரிதான், ரிஜெக்ட் ஸ்டிக்கர் இருந்தால் தொடமாட்டான் என்று தொழிற்சாலை அறிவையும் சேர்த்துக்கொண்டான்.

"அந்த சர்வே பொண்ணு வந்து, கொழந்தை இருக்குதான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். பொறந்துச்சான்னு கேட்டுச்சு. பொறந்துச்சுன்னேன். அப்ப எங்கன்னு கேட்டுச்சு. போய்டுச்சுன்னேன்" என்றான் ஜெயசீலன். "எதிர்வூட்டுக்குப் போய்டுச்சுன்னு சொல்றதுக்குள்ள அதுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கையைப் புடிச்சிக்கிச்சு. அதுக்கப்புறம் எப்படி சொல்றது?"

"என் வூட்டுக்கும் வந்துச்சு" என்றாள் உமைமா. "கொழந்தை யாருதுன்னுச்சு. என்துன்னேன். வயசு கேட்டுச்சு. ரெண்டு தடவ கேட்டுச்சு."

சங்கீதாவுக்குச் சிரிப்பு முட்டியது. உயிர் திரும்பியதும் மலையும் திரும்பி வந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"சரி. கொழந்தை உயிரோட இருக்குன்னு எழுதி, ஒரு கையெழுத்துப் போடு. நான் காசிநாதன் சார் கிட்ட குடுத்துக்கறேன்."

ஜெயசீலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு வயசு ஆவுது. பதினொரு நாள். அதுவரைக்கும் என் வாயாலயும் சொல்லமாட்டேன், என் கையாலயும் எழுதமாட்டேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, நர்சம்மா."

"எனக்கு வியாழக்கிழமை மீட்டிங்டா. என்னைத் தூக்கி மலையில போட்டுடுவாங்க."

அடுப்படியிலிருந்து சௌந்தர்யா ஜாடை காட்டினாள். சங்கீதா உள்ளே போனதும் ரகசியக் குரலில், "குடுங்கக்கா, நான் போட்டுத் தர்றேன். அவருக்குத் தெரிய வேணாம். உங்களுக்கு எதுக்குப் பேஜாரு" என்றாள்.

பேனாவைக் கொடுக்கத்தான் சங்கீதா கையை நீட்டினாள். சௌந்தர்யா கூடத்தில் இருந்த குழந்தையை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சங்கீதாவுக்கு நெமிலி ஞாபகம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சௌந்தர்யாவின் முதல் குழந்தை, பத்து மாதம், நெமிலியில் அம்மா வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போன இடத்தில் பேதியாகி இறந்தது. அங்கே இறந்ததால் அந்தக் கணக்கு அங்கேயே எழுதப்பட்டது. காட்டுத்தாங்கல் பூஜ்யத்திலேயே இருந்தது. அந்த வருடம் சங்கீதாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். செய்தி கேட்டு அழுதவள்தான் அவளும். ஆனால் அழுவதற்கு முன்னால், ஒரு கண் இமைக்கிற நேரம், 'நல்லவேளை, நெமிலியில்' என்று நினைத்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"வேணாம் சௌந்தர்யா" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "பதினொரு நாள்தானே. இருக்கட்டும்."

வியாழக்கிழமை அந்தக் கோடு திரையில் ஆளுயரத்துக்கு நின்றது. மற்ற ஊர்ச் செவிலியர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சங்கீதாவைப் பார்த்தார்கள். வட்டார மருத்துவ அலுவலர் அம்பிகா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன காரணம்?"

"தணிக்கையில தெரியும் மேடம்."

"உனக்குத் தெரியாதா?"

"சனிக்கிழமை வந்து பாருங்க மேடம். இந்த சனிக்கிழமை இல்ல, அடுத்தது."

இறப்பு நடந்த வீட்டுக்குப் பதினைந்து நாளுக்குள் குழு நேரில் போய் விசாரித்துத் தணிக்கை செய்ய வேண்டும் என்பது விதி. நாளை இவளே குறித்துக் கொடுப்பது மேடத்துக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். மாற்றல் பற்றித் தணிக்கைக்குப் பிறகு பேசலாம் என்று எழுதிவிட்டு அடுத்த ஊரின் கோட்டுக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு ஜீப் காட்டுத்தாங்கலுக்குள் நுழைந்தது. மேடம் துக்க வீட்டுக்கென்று வெளிர்நிறப் புடவை கட்டியிருந்தார். காசிநாதன் மடியில் ஏழு பக்கப் படிவம் இருந்தது. வாசலில் வண்ணக் காகிதம் தொங்கியது. கூடத்தில் பலூன்கள். நடுவில் குழந்தை ஒரு பலூனைக் கடிக்க முயன்றுகொண்டிருந்தது.

காசிநாதன் சங்கீதா பக்கம் திரும்பி, "இது யாரு?" என்றார்.

"என் கொழந்தை சார்" என்றாள் உமைமா.

காசிநாதன் சர்வே தாளைப் புரட்டினார். தாயின் வயது ஐம்பத்திரண்டு என்று தெளிவாக இருந்தது. உமைமாவை மேலும் கீழும் பார்த்தார். அம்பிகா மேடமும் மருத்துவர் என்ற முறையில் பார்த்தார்.

சங்கீதா இரண்டு பேரையும் வாசலுக்கு அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். நெமிலியையும் சொன்னாள். அந்தக் கண் இமைக்கிற நேரத்தையும்கூடச் சொல்லிவிட்டாள்.

"அப்ப உயிரோட இருக்கு" என்றார் காசிநாதன். படிவத்தின் ஏழு பக்கத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "சரி, தகப்பன் எழுதிக் குடுக்கட்டும். ஒரு வயசு ஆயிடுச்சில்ல?"

"இன்னும் ஆவல சார்" என்றான் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த ஜெயசீலன். "நாலு நாப்பதுக்குத்தான் பொறந்துச்சு."

மணி மூன்று ஐம்பது.

"அதுவரைக்கும் நாங்க என்னப்பா பண்றது?" என்றார் மேடம்.

"பிரியாணி இருக்கு" என்றாள் உமைமா.

சாப்பிட்டார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். தோல் பதனிடும் இடத்திலிருந்து ஓடைக்கு வருகிற தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். ராணிப்பேட்டை ரோட்டில் தோண்டிப் போட்ட பள்ளத்தைப் பற்றி ஒரு கால் மணி நேரம் ஓடியது. குழந்தையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது காசிநாதன் காலைப் பிடித்து எழுந்து நின்று அவர் சட்டைப்பைப் பேனாவை இழுத்தபோதும், அவர் ஒன்றும் நடக்காத மாதிரி எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பேனா போனது.

நாலு இருபத்தெட்டுக்குக் குழந்தை தன்னந்தனியே ஓரடி வைத்தது. அம்பிகா மேடம் தன்னை மறந்து, "அட, எவ்ளோ அழகா..." என்று ஆரம்பித்தார்.

"மேடம்" என்றார் காசிநாதன் பதறிப்போய். "இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

மேடம் வாயை மூடிக்கொண்டார். ஜெயசீலன் அவரை நன்றியோடு பார்த்தான். சங்கீதாவுக்கு அதற்குப் பிறகு மலையைப் பற்றிய பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவளும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள்.

நாலு நாற்பதுக்கு உமைமா தவிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு குழந்தையைச் சௌந்தர்யா மடியில் வைத்தாள். ஜெயசீலன், 'என் மகள் உயிரோடு இருக்கிறாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். 'மகள்' என்ற இடத்தில் மை கொஞ்சம் ஈஷிக்கொண்டது.

காசிநாதன் தாளை வாங்கி, முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"குத்துங்க சார்" என்றாள் சங்கீதா.

"இரும்மா" என்றார். "அந்த கடியாரம் ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டா இருந்தா?"

நாலு நாற்பத்து மூன்றுக்குக் குத்தினார்.