மூன்றாம் நாள் தலைவலி

"அண்ணி, கதவத் தெறங்க. அண்ணனக் கொண்டாந்துட்டேன்."

சமியுல்லாவின் குரல் கேட்டதும் மேரிசெல்வி அடுப்பை அணைத்தாள். மணி பத்துகூட ஆகவில்லை. முதல் ஷிப்டுக்குப் போன மனிதர் இரண்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்ப வேண்டும். வாசலில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. பின்சீட்டில் அவள் கணவன் தைரியநாதன், இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சமியுல்லாவின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான் அண்ணி. எந்திரத்துல ஏறி மூணு மணி நேரம் ஓட்டுனாரு. திடீர்னு, 'சமீ, இடது பக்கம் எனக்குப் பாதிதான் தெரியுது'ன்னாரு. எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. ஒடனே நிறுத்தி எறக்கிட்டேன்."

"கண்ணாடிச் சில்லு மாதிரி மினுக்குதாங்க?"

"பேசாத செல்வி. சத்தம் குத்துது."

"பேருதான் தைரியம். ஒரு தலவலிக்குச் சுரங்கத்தையே நிறுத்திட்டாரு," என்று சிரிக்கப் பார்த்தான் சமியுல்லா. யாரும் சிரிக்கவில்லை. சுரங்கத்தில் இருவரும் ஒரே எந்திரத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர்கள். பெரிய சக்கரம் மண்ணை வாரி வாரிப் போடும் அந்த எந்திரத்தில், ஓட்டுபவனுக்குப் பாதிக் கண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று சமியுல்லாவுக்குத் தெரியும்.

மேரிசெல்வி ஜன்னலில் போர்வையைக் கட்டினாள். வாளியைக் கட்டிலோரம் வைத்தாள். ஈரத்துண்டை அவன் நெற்றியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்து குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி வேலியோரம் காத்திருந்தாள்.

"என்னா மேரி, அண்ணனுக்குத் தலவலியா? மொத ஷிப்டு வாரமில்ல, அதான். எங்க வூட்டுக்காரருக்கு நைட் ஷிப்டுன்னா வயிறு. ஒங்களுக்கு மொத ஷிப்டுன்னா தல."

"அப்படித்தான்க்கா போல."

"போல என்னா போல! நானும் பாத்துகினுதான இருக்கேன். மூணு வாரத்துக்கு ஒருக்கா, மொத ஷிப்டு பொதன்கெழம ஆனா ஒன் வூட்டு ஜன்னல்ல போர்வ ஏறுது."

புஷ்பவல்லி சொன்னதில் தப்பில்லை. சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த நகரியத்தில் எல்லாவற்றையும் ஷிப்டை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்தது நைட். மூன்று வாரத்தில் ஒரு சுற்று. மேரிசெல்வியின் சமையலறைக் காலண்டரிலும் கட்டம் கட்டமாக ஷிப்ட் எழுதியிருந்தது. நைட் ஷிப்ட் வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சின்னதாக ஒரு 'ப' போட்டிருப்பாள். அது பண்ருட்டி. அதைப் பற்றி புஷ்பவல்லிக்குத் தெரியாது. சமியுல்லாவுக்குத் தெரியாது. நகரியத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

இரண்டரை வருடத்துக்கு முன்பு, தொண்ணூற்றெட்டில், மகள் சோபியா பள்ளிக்கூடத்திலிருந்து பொன்னுக்கு வீங்கியோடு வந்தாள். அம்மாவின் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு அப்பா மடியிலேயே கிடந்தாள். அவளுக்கு ஐந்து நாளில் சரியாகிவிட்டது. அப்பாவுக்குத் தொற்றிக்கொண்டது. கன்னத்தில் வந்த வீக்கம் கீழே விதை வரைக்கும் இறங்கியது. பத்து நாள் காய்ச்சலில் புரண்டான். எழுந்தபோது வேறு ஆளாக எழுந்தான்.

முதலில் களைப்பு என்றார்கள். அப்புறம் ரத்தக்குறைவு என்றார்கள். தாடி வாரத்துக்கு ஒரு முறை மழித்தால் போதும் என்றானது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சண்டை போடமாட்டான். பக்கத்தில் படுப்பான், சுவரைப் பார்த்துப் படுப்பான்.

"நான் ஏதாவது தப்பா பேசிட்டனாங்க?"

"இல்ல."

"என் மேல கோவமா?"

"இல்ல செல்வி. ஒண்ணுமே இல்ல. அதான் எனக்கே பயமா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல."

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்த அவன் அண்ணன்தான் பண்ருட்டியில் ஒரு தனி டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆணுக்கு உடம்பில் ஊற வேண்டிய சுரப்பு அவனுக்கு ஊறவில்லை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாதிரி ஒரு ஊசி போட வேண்டும் என்றார் அந்த டாக்டர்.

"இத இங்க ஆஸ்பத்திரியிலயே போட்டுக்கலாமேங்க? நமக்குத்தான் மெடிக்கல் புக் இருக்கே."

"புக்குல எழுதுவாங்க. சீட்டு குடுக்கற எடத்துல படிப்பாங்க. ஊசி ரூம்ல ஒருத்தன் பாப்பான். சாயந்தரத்துக்குள்ள பதினேழாவது பிளாக்குல இருந்து மைன்ஸ் வரைக்கும் தெரிஞ்சுடும், தைரியநாதனுக்கு என்னா ஊசின்னு. வேணாம். பண்ருட்டியிலயே போட்டுக்கறேன். ஒன்னயும் அண்ணனயும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது."

நைட் ஷிப்ட் முடிந்த ஞாயிறுதான் அவனுக்கு ஓய்வு நாள். பூசைக்குப் போய்விட்டு இருவரும் பண்ருட்டி பஸ் ஏறுவார்கள். கேட்பவர்களிடம், மாமியார் வீட்டுக்கு முத்தாண்டிக்குப்பம் போகிறோம் என்பார்கள்.

நாலாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"என்னாங்க?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மா நிக்கக்கூடாதா? என் வூடு, என் பொண்டாட்டி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். அவன் தாடை அவள் தோளில் உரசியது. சொரசொரவென்று இருந்தது. அந்தச் சொரசொரப்புக்காக எத்தனை நாள் ஏங்கினாள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது.

பாதிக் கண் தெரியாமல் போன அந்தப் புதனுக்கு மறுநாள், நகரியத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ஒற்றைத் தலைவலி என்றார். கண்ணைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "இல்லிங்க மேடம்," என்றான் தைரியநாதன். மேரிசெல்வி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி எப்போது வருகிறது என்று கேட்டதற்கு, முதல் ஷிப்டில் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதிகாலையில் எழுந்திருப்பதும் தூக்கம் மாறுவதும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று, கொஞ்ச நாள் ஜெனரல் ஷிப்ட் போடச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்.

எந்திரத்திலிருந்து இறக்கி ஒர்க்‌ஷாப்பில் போட்டார்கள். காலையில் எட்டு மணிக்குப் போய் சாயந்தரம் திரும்பினான்.

"நட்டு போல்ட்டு எண்ணிகினு இருக்கேன் செல்வி. பதினோரு வருஷம் மேல ஒக்காந்து ஊரே பாத்தவன், இப்ப டப்பாவுக்குள்ள பாத்துகினு இருக்கேன்."

"தலவலி போனா போதும்ங்க. திரும்ப ஏத்துவாங்க."

இரண்டு வாரம் தலைவலி இல்லை. புஷ்பவல்லி, "நான் சொன்னேன் பாத்தியா," என்றாள். மூன்றாவது வாரம், பண்ருட்டிக்குப் போய்வந்த ஞாயிறை அடுத்த புதன்கிழமை, ஒர்க்‌ஷாப்பிலிருந்து சமியுல்லா மறுபடி ஆளைக் கொண்டுவந்து இறக்கினான்.

அன்றைக்கு மேரிசெல்வி போர்வையைக் கட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காலண்டர் முன்னால் நின்றாள். ஷிப்ட் எழுத்துகள் இல்லாத மாதம். கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஞாயிறில் ஒரு 'ப'. புதனில், தலைவலி நாளுக்கு அவள் போட்ட பெருக்கல் குறி. அதற்கு முந்தைய தாளைப் புரட்டினாள். ஞாயிறில் 'ப'. புதனில் பெருக்கல். அதற்கு முந்தையதும் அப்படியே. இத்தனை மாதமும் ஷிப்டையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. ஷிப்டுக்கும் மூன்று வாரம், ஊசிக்கும் மூன்று வாரம். ஒன்றின் முதுகில் ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. தலைவலி விட்டு எழுந்த தைரியநாதன் சோபியாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அடுக்களையில் வந்து முருங்கைக்காயை எடுத்துக் கடித்தான். அவள் காதோரம் குனிந்து, "இன்னிக்கு நல்லாத்தான் இருக்க," என்றான். சொன்னால் இது போய்விடும். ஊசியை நிறுத்திவிடுவார்கள். மறுபடி சுவரைப் பார்த்த முதுகுதான். மூன்று வாரத்தில் ஒரு நாள் தலைவலிதானே, மீதி இருபது நாள் எனக்கு வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மீதே கூச்சப்பட்டாள். ஞாயிறு பூசையில் முழங்காலிட்டிருந்தபோதும் அதையேதான் கேட்டாள்.

பத்தாம் நாள் சமியுல்லா வந்தான். "அண்ணி, சந்தோஷச் செய்தி. அண்ணன எந்திரத்துக்கே திரும்பக் கூப்புடறாங்க. ஜெனரல் ஷிப்டுலயும் வந்ததால, தலவலிக்கு ஷிப்டு காரணம் இல்லன்னு ஆயிடுச்சாம்."

தைரியநாதன் ஸ்கூட்டர் மாதிரிச் சத்தம் போட்டுச் சோபியாவைத் தூக்கிச் சுற்றினான். மேரிசெல்விக்கு, இடது பக்கம் பாதி தெரியாமல் அவன் மேலே உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. சமியுல்லா போனதும் சொன்னாள்.

"ஏங்க, ஊசி போட்ட மூணாம் நாள்தான் வருது. காலண்டர் பாருங்க."

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அதனால?"

"டாக்டரம்மாகிட்ட சொல்லணும்."

"சொன்னா நிறுத்திடுவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்ற? ஒனக்கு நான் வேணாமா?"

"வேணும்னுதாங்க பத்து நாளா சொல்லாம இருந்தேன்!"

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான்.

"பத்து நாளா?"

"ஆமா. பாவின்னு நெனச்சுக்கோங்க. நீங்க துடிக்கறதப் பாத்துகினே, இது இருக்கட்டும், போவக்கூடாதுன்னு இருந்தேன்."

"தல வலிச்சா வலிக்கட்டும் செல்வி. அந்த ஒன்றர வருஷம் நான் வலியே இல்லாமத்தான் இருந்தேன். அப்படி மறுபடி இருக்கச் சொல்லாத."

"மேல ஒக்காந்துகினு கண்ணு மறைச்சா? சமி இல்லாத நாள்ல மறைச்சா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மறுநாள் காலை மேரிசெல்வி மெடிக்கல் புக்கை எடுத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "ஊசிக்கு முன்னாடி இந்த மாதிரித் தலைவலி வந்ததுண்டா?"

"இல்லிங்கம்மா."

"இந்த ஊசி போடற எல்லாருக்கும் தலைவலி வராது. சிலருக்கு வரலாம். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஊசி போட்ட ரெண்டு மூணு நாள்ல உடம்புல அளவு சடார்னு ஏறும், அப்புறம் இறங்கிகிட்டே போகும். அந்த ஏத்த இறக்கம் அவருக்கு ஒத்துக்காம இருக்கலாம். ரத்தம் கெட்டியாகுதா, பிரஷர் ஏறுதான்னும் பாக்கணும். ஒரு ஊசியத் தள்ளிப் போடுங்க. அது வரைக்கும் அவர் எந்திரத்துல ஏற வேணாம்."

"அப்புறம் நிறுத்திடுவீங்களாம்மா?"

"ஏன் நிறுத்தணும்? அவருக்கு அது தேவை. சின்னச் சின்ன அளவா, வாராவாரம் போட்டுப் பாக்கலாம். ஆனா வாராவாரம் பண்ருட்டிக்கு அலைய முடியாது. இங்கதான் போடணும். புக்குல எழுதித்தான் போடணும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் காலண்டர் முன்னால் போய் நின்றான். அடுத்த 'ப' ஞாயிறு வந்தபோது பண்ருட்டி பஸ்ஸில் அவர்கள் ஏறவில்லை.

புதன்கிழமை வந்தது. தலைவலி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவன் சோபியாவின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுக்காமலே திருப்பிக் கொடுத்தான். தாடி வளரவில்லை. படுக்கையில் அவன் முகம் மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விடியற்காலை, அவன் தூங்குகிறான் என்று நினைத்து அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"முழிச்சுதான் இருக்கேன்," என்றான். பிறகு, "எடுக்காத. இருக்கட்டும்," என்றான்.

"உள்ள ஏதாவது இருக்காங்க?"

"ஒன் கை இருக்கறது தெரியுது. அது தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "எந்தக் கெழம அந்த ஊசி ரூம் தெறந்திருக்கும்?" என்று கேட்டான்.

சனிக்கிழமை காலை ஊசி அறை முன்னால் பெஞ்சில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் சுரங்கத்து ஆட்கள். மூன்றாவதாகக் கையில் கட்டோடு சமியுல்லா உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே! நீங்க எங்க இங்க? என்னா ஊசி?"

மேரிசெல்விக்கு முத்தாண்டிக்குப்பம், சத்து ஊசி, நாய்க்கடி என்று என்னென்னவோ பொய்கள் நாக்கு நுனிக்கு வந்தன. தைரியநாதன் சமியுல்லாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பொன்னுக்கு வீங்கி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுல எனக்கு ஆம்பளச் சுரப்பு நின்னுபோச்சு சமி. வெளியில இருந்து ஏத்திகினு இருந்தேன். அதுல ஏறுனதுதான் தலவலின்னு சந்தேகப்படறாங்க. இனிமே வாராவாரம் கொஞ்சங் கொஞ்சமா இங்கயே."

பெஞ்சில் ஒருவர் இருமினார். சமியுல்லா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"இத்தினி நாளா என்கிட்ட சொல்லல? என் முதுகுலதான் வாந்தி எடுத்தீங்க, சொல்றதுக்கு மட்டும் வெக்கமா?"

"ஆமாண்டா. வெக்கம்தான்."

"சரி, எனக்கு முன்னாடி போங்க. எனக்கு வெறும் டெட்டனஸ்தான்."

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் இடுப்பைத் தேய்த்தபடி நடந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் மேரிசெல்வி. பூவரச மரங்கள் நிழல் போட்ட பிளாக் ரோட்டில் இருவரும் கொஞ்ச தூரம் வந்தார்கள்.

"செவ்வாக்கெழம மூணாம் நாளு," என்றான்.

"ஆமாங்க."

"தலவலி வந்துட்டா?"

"சொல்லுங்க. மறைக்காதீங்க. டாக்டரம்மா இன்னும் கொறைக்கலாம்னாங்க."

"கொறைச்சா நான் இப்ப மாதிரியே கெடந்துட்டா?"

அவள் நடந்துகொண்டே யோசித்தாள். "இப்ப மாதிரின்னா, கை வெச்சா எடுக்காதன்னு சொல்ற மாதிரியா?"

"ம்."

"அது போதும்னு சொல்ல மாட்டேங்க. போதாது. ஆனா அதையும் விட மாட்டேன்."

அவன் சைக்கிளின் கைப்பிடியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"தலவலி வரலன்னா?"

"அதையும் சொல்லுங்க," என்றாள் மேரிசெல்வி. "மொதல்ல என்கிட்ட சொல்லுங்க."