பத்யாவின் செவ்வாய்க்கிழமை

சுதந்திர தின விழாவில் ஜெருசலேமில் தீபம் ஏற்றப்போகும் பன்னிரண்டு பேரில் பத்யாவும் ஒருத்தி என்று வானொலியில் சொன்னபோது, நான் சலவைக்கூடத்தில் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தம் சட்டையில் படாமல் கையைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

மற்ற பதினொரு பேர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒருவர் இதய டாக்டர், ஒருவர் கூடைப்பந்துக்காரர். ஹைஃபாவில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் அம்மாள் ஒருத்தி, துரூஸ் இனத்தாரின் கிராமத்து நீதிபதி ஒருவர், பாலைவனத்தில் மீன் வளர்க்கும் மனிதர் ஒருவர். எல்லோரும் நன்றாக இருக்கட்டும். நான் இதயத்தையும் தொட்டதில்லை, மீனும் வளர்த்ததில்லை. ஆனால் பத்யா என்னோடு இதே சலவைக்கூடத்தில், இதே தொட்டியில் துணி அலசியவள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் கூட்டுப்பண்ணையில் அப்போது எல்லாமே பொது. சட்டை பொது, சோறு பொது, நேரமும் பொது. யாராவது படம் வரைய வேண்டும் என்றால் பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டும். மாடு கறப்பவன், வாழைத் தோட்டக்காரன், சமையல்காரி எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு, வாரத்தில் ஒரு நாள் வேலையிலிருந்து விடுப்புக் கொடுப்பார்கள். 1964-இல் பத்யாவும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம். இரண்டு பேரையும் விட்டால் ஊருக்கு உள்ளாடை இருக்காது, ஒருத்தியைத்தான் விட முடியும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை யாருக்கு என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள்.

மாதம் ஒருமுறை டெல் அவீவிலிருந்து வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஓவியர், “ஹெம்தாவுக்குக் கைத்திறமை இருக்கு, பத்யாவுக்குப் பிடிவாதம் இருக்கு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஹெம்தா நான்தான். அதில் முதல் பாதி மட்டுமே என் காதில் விழுந்தது.

சீட்டைச் சூப் பானையில் போட்டோம். தன் பெயரைத் தானே எழுதுவது அன்றைக்கு எங்கள் ஊரில் திருட்டுக்குச் சமம். நான் பத்யாவின் பெயரை எழுதினேன். எண்ணியபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு ஐம்பத்தொன்று.

அந்த ஒரு சீட்டை முப்பத்து நான்கு வருடமாக மனதில் திருப்பித் திருப்பி எண்ணுகிறேன். அதில் என் பெயரை எழுதியிருந்தால் ஐம்பத்திரண்டு எனக்கு. அப்புறம் அவள் படங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயின, வெனிஸ் கண்காட்சிக்குப் போயின. நான் போர்வை மடித்தேன். அவளும் அன்றைக்கு மரியாதையாக என் பெயரைத்தான் எழுதியிருப்பாள், என் நல்ல குணம்தான் அவளைத் தூக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

போன வாரம் பத்திரிகையிலிருந்து நோகா என்ற பெண் வந்தாள். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் வெள்ளிக்கிழமை இணைப்பில் வருகிறதாம். பத்யாவைப் பற்றிப் பழைய சிநேகிதி ஒருத்தி பேச வேண்டுமாம். அந்தச் சீட்டின் கதையைச் சொல்லத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன். சாப்பாட்டுக்கூடத்தில் மதிய நேரம், பத்யாவும் எதிரில் உட்கார்ந்து வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேரே சொல்வதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

“எழுதிக்கோம்மா. இவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையைக் குடுத்தது நான்தான்” என்றேன். ஓட்டுக்கணக்கு முழுவதையும் சொன்னேன். நோகாவின் பேனா பறந்தது.

பத்யா கத்தியைக் கீழே வைத்தாள். “நீ எனக்கா போட்ட?”

“பின்னே? நீயும் எனக்குத்தானே போட்டிருப்ப.”

“இல்லடி. நான் எனக்குத்தான் போட்டேன்.”

பக்கத்து மேஜையில் கேர்ஷோன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். டிராக்டர் சத்தத்தில் பாதி செவிடாகிப்போனவன், இது மட்டும் எப்படிக் கேட்டதோ.

“உனக்கு வெட்கமா இல்லையா?” என்றேன்.

“இருந்துச்சு. வெட்கத்தோடயே எழுதிப் போட்டேன்.” உப்பை எடுத்துத் தூவினாள். “ஜெயிக்கலேன்னா ஊரை விட்டே போயிடணும்னு கட்டிலுக்கு அடியில மூட்டைகூடக் கட்டி வச்சிருந்தேன். நீ எதுக்கு எனக்குப் போட்ட? நான் கேட்டேனா?”

“நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“ரகசிய ஓட்டு, ஹெம்தா. நாலு பேருக்கு எப்படித் தெரியும்?”

முப்பத்து நான்கு வருடத்தில் இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. யாரும் பார்க்காத ஒரு சீட்டில் நான் நல்லவளாக நடந்துகொண்டிருக்கிறேன்.

“வேணும்னா சனிக்கிழமை வரைஞ்சிருக்கலாமே” என்று கேர்ஷோன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். “சனிக்கிழமை எல்லாருக்கும் லீவுதானே, அதுக்கு யாரும் ஓட்டு வைக்கலையே.”

“நீ உன் சூப்பைக் குடி” என்றேன்.

நோகாவுக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “வெட்கத்தோடயே எழுதினேன்! இதையே தலைப்பா வச்சிடறேன்” என்றாள். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த கதையும் பத்யாவின் பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தது. என் கண்ணெதிரிலேயே அவள் இன்னும் ஒரு படி பெரியவளாகிக்கொண்டிருந்தாள், அதற்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக் கொடுத்தவளும் நானே.

நோகா நல்ல பெண். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்னையும் கொஞ்சம் பேசவைக்கலாம் என்று நினைத்திருப்பாள். “ஹெம்தா, அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்குக் கிடைச்சிருந்தா, முதல்ல என்ன வரைஞ்சிருப்பீங்க?”

வாயைத் திறந்தேன். ஐம்பத்திரண்டும் ஐம்பத்தொன்றும் தயாராக இருந்தன. ஓவியர் சொன்ன சொல் தயாராக இருந்தது. படம் என்று ஒன்றும் இல்லை. ஒரு மரம்கூட, ஒரு முகம்கூட மனதில் வரவில்லை.

நோகா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். கேர்ஷோனும் காத்திருந்தான்.

பத்யா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று, “அவ என்னைவிட நல்லா வரைஞ்சிருப்பா. அதை எழுதிக்கோ” என்றாள்.

அவள் அதை மரியாதைக்குப் பொய்யாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னிடம் ஒரு படமும் இல்லை என்று கண்டுகொண்டு, எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னாள்.