கதவு திறக்கும் இடம்

மாமாவின் சலூனில் பெரிய கண்ணாடிக்கு மேலே ஒரு மரப்பலகை உண்டு. அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, சைக்கிள் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்தால் வைக்க வேண்டும் என்று, அவன் தொழில்முறை அணியில் சேர்ந்த வருடமே மாமா தன் கையால் ஆணியடித்து மாட்டியது. கோப்பை வந்தபாடில்லை. தண்ணீர் தெளிக்கிற பாட்டிலும், பவுடர் டப்பாவும், பல் போன இரண்டு சீப்புகளும்தான் அங்கே வாடகை இல்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

முடி வெட்ட வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பலகையின் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாவிட்டால் மாமாவுக்குக் கத்தரி ஓடாது. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மச்சானே என்றாலும் அவர் விடவில்லை. பெஞ்சில் காத்திருந்தவரிடம் ஆரம்பித்துவிட்டார்.

“பத்து வருஷமா ஓட்டுறான் சார். காலைப் பாருங்க, தூண் மாதிரி. எல்லாரையும் விட்டுட்டு முன்னாடியேதான் வருவான். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிஞ்சதும் என்ன ஆகுமோ, மத்தவங்களுக்கு வழிவிட்டு ஓரமா ஒதுங்கிக்குவான். அவ்வளவு மரியாதை.”

“மாமா, காது. பாத்து வெட்டுங்க.”

“காதுக்கென்ன, அது ஓரமாத்தான இருக்கு. உன்னை மாதிரி.”

அணியில் அவனுக்குக் கதவு என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் அதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை யாரும் வைத்திருக்க முடியாது. சைக்கிள் பந்தயத்தில் முதல் எதிரி காற்று. முன்னால் போகிறவன் அதை நெஞ்சில் வாங்குவான். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன் பாதிச் செலவில் வந்து சேருவான். அதனால் ஒவ்வொரு அணியிலும் கடைசி நேரத்துக்கென்று ஒரு வேகக்காரனைப் பொத்திப் பொத்திக் கொண்டுவருவார்கள். இவர்கள் அணியின் வேகக்காரன் பெயர் தூங்குமூஞ்சி. பந்தயம் தொடங்கும் வரை பஸ்ஸில் தூங்குவான், கடைசி நிமிடத்தில் பேய் பிடித்தது போலக் கிளம்புவான். அவனை முதுகுக்குப் பின்னால் வைத்து, மூடிய கதவு மாதிரிக் காற்றை மறித்துக்கொண்டு, கோட்டுக்கு இன்னும் இருநூறு மீட்டர் என்று காட்டுகிற பலகை வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அந்த இடத்தில் சட்டென்று இடப்பக்கம் விலகிவிடுவது கதவின் வேலை. விலகியதும் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சு வாங்குவான். தூங்குமூஞ்சி ஜெயித்தானா என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வான்.

இதில் அவனுக்கு வெட்கம் எதுவும் கிடையாது. இந்த வேலையில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவனுக்குத் தெரியும். போட்டிக்காரர்களுக்கும் தெரியும். தெரியாதது ஒரே ஒருவருக்கு. அவர்தான் அணியைப் புதிதாக வாங்கியிருக்கிற முதலாளி.

போன வாரம் பயிற்சியாளர் அவனைத் தனியாக அழைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். “அடுத்த வருஷம் ஆளைக் குறைக்கிறாங்க. பேருக்கு நேரா ஒரு வெற்றியாவது இருக்கிறவங்கதான் வேணுமாம். உனக்கு ஒண்ணுகூட இல்ல.”

“தூங்குமூஞ்சி ஜெயிச்சதெல்லாம் யார் கணக்கு சார்?”

“எனக்குத் தெரியும்ப்பா. அவருக்குப் புரியணுமே. தொண்டை கிழியக் கத்திட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “கடைசிப் பந்தயத்துல ஒரு மேடு வருது. தூங்குமூஞ்சி அதுல ஏற மாட்டான். அன்னைக்கு நீ யாருக்கும் வேலை செய்ய வேண்டாம். உனக்காக ஓட்டு.”

அந்தக் கடைசிப் பந்தயம்தான் மறுநாள். ஜெயித்தால் சீருடை தங்கும், இல்லையென்றால் கழற்ற வேண்டியதுதான். முடி வெட்டி முடிந்ததும் அவன் மாடிக்குப் போனான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பால் வாங்கப் போகிறவன் சொல்வது போல, “நாளைக்கு ஜெயிச்சிட்டு வந்துடறேன்க்கா” என்றான்.

“சரி. வரும்போது சாக்ஸை அங்கேயே விட்டுட்டு வராத” என்றாள் அக்கா.

மறுநாள் காற்று பேயாக அடித்தது. அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காற்றோடு பத்து வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அது அந்நியமா என்ன? மேட்டின் அடியில் முன்வரிசைக்கு வந்தான். பாதி ஏறியபோது வேகத்தைக் கூட்டினான். பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மூச்சு இரைத்தது. ஆனால் கால்கள் சொன்னபடி கேட்டன. உச்சியில் திரும்பிப் பார்த்தால் ஒரே ஒருவன் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தான்.

வந்திருந்தது கொக்கு. நீளக் காலும் நீளக் கழுத்துமாக, அசையாமல் காத்திருந்து கடைசி நொடியில் கொத்திக்கொண்டு போகிறவன். எதிரணியின் வேகக்காரன். தூங்குமூஞ்சிக்கே தண்ணி காட்டுகிறவன் இந்த மேட்டை எப்படி ஏறினான் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

சமவெளியில் இருவரும் மாறி மாறி முன்னால் வந்து காற்றைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊர் எல்லை வந்ததும் கொக்கு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

“முன்னாடி வா. உன் முறை.”

“நீதானப்பா கதவு” என்றான் கொக்கு. “நீயே போ.”

பின்னால் மற்ற சைக்கிள்காரர்களின் பெருங்கூட்டம் துரத்திக்கொண்டிருந்தது. இவன் மெதுவாகப் போனால் இரண்டு பேரையும் அது விழுங்கிவிடும். காதில் ரேடியோ வழியாகப் பயிற்சியாளர் பேசினார். “எதிர்காத்து செமயா இருக்கு. முதல்ல கிளம்புறவன் தொலைஞ்சான். கடைசி வரைக்கும் பொறு. அவன் கிளம்பட்டும். புரியுதா?”

புரிந்தது. கொக்குக்கும் அது புரியுமே, அதுதான் சிக்கல். நேருக்கு நேர் வேகத்தில் கொக்கை அவனால் ஜெயிக்க முடியாது. ஆனாலும் மனம் தளரவில்லை. ஏதாவது ஒரு வழி இருக்கும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தான்.

கடைசி வளைவு திரும்பியது. நேர்ச்சாலை. இருபக்கமும் தடுப்புகளுக்குப் பின்னால் ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இன்னொரு டயர் சீறும் சத்தம். இந்தச் சாலை, இந்தக் கத்தல், பின்னால் இந்தச் சீறல், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தலை தானாகத் தாழ்ந்தது. கால்கள் தாமாகக் கூடுதல் வேகம் எடுத்தன. இருநூறு மீட்டர் பலகை வந்தது.

கதவு திறந்துகொண்டது.

அதாவது, அவன் இடப்பக்கம் விலகிவிட்டான். யோசித்து அல்ல. பலகையைக் கண் பார்த்தது, உடம்பு ஒதுங்கிக்கொண்டது. பத்து வருடம் அதே இடத்தில் அதையே செய்த உடம்புக்கு, இன்றைக்குப் பின்னால் வருவது தூங்குமூஞ்சி இல்லை என்று யார் சொல்லிவைத்தது? ஒரு நொடி அவனுக்கு வழக்கமான நிம்மதிகூட வந்தது. வேலை முடிந்தது, இனி பயல் பார்த்துக்கொள்வான்.

“டேய், என்னடா பண்ற?” என்று காதில் பயிற்சியாளர் அலறினார்.

தூக்கிவாரிப் போட்டது. அவன் நிமிர்ந்தான்.

ஆனால் கொக்கின் நிலைமை அதைவிட மோசம். அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முன்னாலிருந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். அது எப்போது எழும் என்று காத்திருந்தான். அது காணாமலே போய்விடும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. திடீரென்று எதிரே வெறும் சாலையும், முகத்தில் அறைகிற காற்றும். ஏதோ சூழ்ச்சி என்று மிரண்டு, இருக்கையிலிருந்து எழுந்து, உயிரைக் கொடுத்து மிதிக்க ஆரம்பித்துவிட்டான். அந்தக் காற்றில், அவ்வளவு தூரத்திலிருந்து.

பழக்கம் கதவை ஓரத்திலேயே நிறுத்தப் பார்த்தது. அவன் அதை உதறிவிட்டுப் பாய்ந்து கொக்கின் பின்சக்கரத்தைப் பிடித்தான். பிடித்ததும் சட்டென்று அமைதி. காற்றே இல்லை. கால்கள் இலேசாகிவிட்டன. கடைசிச் சாலையில் இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் அவன் ஒருநாளும் இருந்ததில்லை. அட பாவி தூங்குமூஞ்சி, இத்தனை வருஷம் இந்தச் சுகத்திலா இருந்தாய் என்று நினைத்துக்கொண்டான். அந்த வேகத்திலும் சிரிப்பு வந்தது.

கொக்கின் தோள்கள் இருபக்கமும் ஆட ஆரம்பித்தன. காற்று அவனைத் தின்றுகொண்டிருந்தது. கதவு வெளியே வந்தான், பக்கத்தில் வந்தான், கோட்டின்மேல் சைக்கிளை முன்னால் எறிவது போலத் தள்ளினான்.

தாண்டியதும் முதல் காரியமாகத் திரும்பிப் பார்த்தான், தூங்குமூஞ்சி ஜெயித்தானா என்று. பிறகுதான் அறிவிப்பு கேட்டது. ஒரு டயர் அகலத்தில் ஜெயித்திருந்தது அவன்தான். தெருவோரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து அழுதான். நன்றாக, சத்தமாகவே அழுதான்.

பயிற்சியாளர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். “அந்த ஒதுங்கல் இருக்கே, அதை எங்கடா கத்துக்கிட்ட?”

“கத்துக்கல சார். மறந்துட்டேன்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நிருபர்களிடமும் அவன் அதையேதான் சொன்னான். அவர்கள் அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். கொக்கு மட்டும் தள்ளாடிக்கொண்டு வந்து, “வேணும்னுதான பண்ணின?” என்றான்.

“நெஜத்தைச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். எனக்குத் தூக்கம் வராது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முதலாளி கை குலுக்கினார். அடுத்த வருடம் அவனுக்கென்றே தனியாக ஆள் வைத்து ஜெயிக்க வைக்கலாம் என்றார். “இல்ல சார், கதவாவே இருக்கேன்” என்றான் அவன். “வேணுங்கிறப்போ சொல்லுங்க, ஜெயிச்சுத் தர்றேன்.” இதைக் கேட்டுப் பயிற்சியாளருக்குப் புரையேறிவிட்டது. முதலாளி தலையாட்டினார்.

வீட்டில் அக்கா டிவியில் பார்த்திருந்தாள். “மறந்துதான போன? மூஞ்சியைப் பாத்தேன். அடுப்பை அணைக்காம வந்துட்ட மூஞ்சி” என்றாள். பிறகு அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சாக்ஸை அவன் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை.

சீப்புகளும் பவுடர் டப்பாவும் இடம்பெயர்ந்தன. பலகையில் கோப்பை ஏறியது. மாமாவுக்குக் குறை ஒன்றுதான். “ஜெயிச்சவன் கையத் தூக்க மாட்டானாடா? போட்டோவுல சைக்கிளைத் திருடிட்டு ஓடுறவன் மாதிரி இருக்க.”

புது வருடத்தின் முதல் பந்தயம் வந்தது. நேர்ச்சாலை, கத்தல், பின்னால் சீறல். இந்தத் தடவை பின்னால் வந்தது தூங்குமூஞ்சி. அவனுக்குப் பின்னால் கொக்கு. பலகை வந்ததும் கதவு விலகினான். கொக்கின் கண்கள் முன்னாலிருந்த தூங்குமூஞ்சியை விட்டுவிட்டு, விலகிப் போகிற அந்த முதுகின்மேல் போய் ஒட்டிக்கொண்டன. இவன் மறுபடி என்ன செய்யப் போகிறானோ என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மிதிப்பதை நிறுத்திவிட்டான். அதற்குள் தூங்குமூஞ்சி தனியாகப் பறந்துபோய்க் கோட்டைத் தாண்டிவிட்டான்.

இந்தத் தடவை கதவு தலையைத் தொங்கப்போடவில்லை. ஓரமாக உருண்டுகொண்டே முழுதையும் கண்ணாரப் பார்த்தான். பிறகு கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேலே தூக்கினான். கோடு இன்னும் தள்ளி இருந்தது, ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், அவன் கைகளை இறக்கவேயில்லை.

அப்போது யாரோ எடுத்த புகைப்படத்தை மாமா பெரிதாக்கிக் கோப்பைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். முன்னால் கோட்டைத் தாண்டிப் போகிறவனைக் காட்டி இவர்தானா உங்கள் மச்சான் என்று கேட்கிறவர்களிடம் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொல்வார்: “அவன் இல்ல சார். அதோ, பின்னாடி கையத் தூக்கிட்டு வர்றான் பாருங்க. ஜெயிச்சது அவன்தான்.”