வீட்டு ஆள்

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அண்ணனின் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அதிர்ந்தது. ஆய்வகத் தோழி. சாவு விழுந்த வீட்டுக்கு வெட்டிப் பேச்சு பேச அவள் கூப்பிட மாட்டாள். மீதிப் பொத்தான்களை அண்ணியிடம் விட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் போனாள்.

"ரெண்டாவது தடவையும் அதேதான் வந்திருக்கு. வேற ரூம், வேற ஆள், புது ரத்தம். பதினேழாம் நம்பர் நம்ம வீட்டு ஆள்தான்" என்றாள் தோழி.

கொசு கடித்துக் காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்தில் இருக்கும் வைரஸை எழுத்து எழுத்தாகப் படிப்பது அவர்கள் வேலை. பத்தாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். ஆளுக்கு ஆள் தாவும்போது எப்போதாவது ஒன்றிரண்டு மாறும். அதை வைத்து எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனது என்று வம்சாவளியே எழுதிவிடலாம். "கொசுவுக்கு ஜாதகம் கணிக்கிறா என் தங்கச்சி" என்று அண்ணன் தன் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

'வீட்டு ஆள்' என்பது ஆய்வகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயர். இருபத்திரண்டு வருடமாக ஃப்ரீசரில் கிடக்கும் பழைய வைரஸ் அது. வெளியே அதன் வம்சம் எப்போதோ அற்றுப்போயிற்று. கொசு அறையில் வளரும் கொசுக்களுக்கு அதைத்தான் ஏற்றிச் சோதிப்பார்கள். நோயாளியின் ரத்தத்தில் அது தென்பட்டால், யாரோ கைதவறிக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். "வீட்டு ஆள் வந்துட்டாரு" என்று சிரித்துவிட்டு முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு ரத்தம் கேட்பார்கள். நான்கு நாளைக்கு முன் பதினேழுக்கு எதிரே அவளும் அப்படித்தான் எழுதினாள். மாதிரிக் குழாயில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.

வீட்டு ஆளோடு ஒப்பிட்டால் பதினேழில் இரண்டே இரண்டு எழுத்து மாறியிருந்தது. பார்க்கத்தான் செய்தாள். மெஷின் தப்பாகப் படித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். ஃப்ரீசரில் இருப்பது மாறாது, வெளியே உலவுவதுதான் மாறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தரும் பாடம் அது.

"அந்த ரெண்டு எழுத்து?"

"அதே ரெண்டு. பதினேழோட வயசும் தெருவும் எடுத்துப் பாத்தேன். உன் அண்ணன்தான்."

தலைமை ஆய்வாளர் எல்லாவற்றையும் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம், அதுவரை யாரும் வாய் திறக்க வேண்டாம் என்கிறாராம்.

கொசு அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். புழுக்கம் தாங்காமல் வெளிக்கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். உள்கதவைத் திறந்துதான் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள்; அப்போது இரண்டு கதவும் திறந்திருக்கும். இது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சாயங்காலம் தன்னை அழைத்துப்போக வரும் அண்ணனிடம், வெயிலில் நிற்காதே, பின்பக்கம் நிழல் இருக்கிறது என்று கை காட்டியவளும் அவள்தான். அந்த நிழலுக்கும் அந்தக் கதவுக்கும் பத்தடி இருந்தால் அதிகம்.

அழுகை வரும் என்று நின்றாள். நாள் கணக்குதான் வந்தது. காய்ச்சலோடு அண்ணன் இந்த வீட்டில் மூன்று நாள் படுத்திருந்தான். பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்த மூன்று நாளில் இங்கே அவனைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க எட்டு, பத்து நாள் ஆகும். காய்ச்சல் கண்டு இன்று ஒன்பதாம் நாள்.

உள்ளே வந்தாள். கூடத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் அவனிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட அவன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும் என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் பேச்சை நிறுத்தாமலே, மடியில் தூங்கும் குழந்தையின் காலில் உட்கார்ந்த எதையோ விரட்டினாள். மூலையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

சவ வண்டிக்காரர் காகிதத்தை நீட்டினார். "வீட்டு ஆளு யாராச்சும் ஒரு கையெழுத்து போடணும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணிதான் எழுந்து போட்டுக் கொடுத்தாள்.

எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்லாவிட்டால் இந்த நாற்பது பேரும் நாற்பது வீட்டுக்குப் போவார்கள். சொன்னால் அண்ணனுக்குக் கடைசியில் ஆள் இருக்காது. அதன் பிறகு அண்ணி முகத்தில் அவள் விழிக்கவும் முடியாது. திங்கட்கிழமை என்பது ஒரு நிமிடம் நல்ல யோசனையாகக்கூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே உடம்பு கூசியது. அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, எல்லாரையும் அனுப்பணும். இப்பவே."

"எடுக்கறதுக்கு முன்னாடியா? என்ன பேசற நீ?"

"இங்க இருக்கற கொசு கடிச்சா அவங்களுக்கும் வந்துரும். அண்ணனுக்கு வந்தது எங்க லேப்லேருந்து. நாந்தான் அண்ணனை அந்த இடத்துல நிக்கச் சொன்னேன்."

அண்ணி அவளையே பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

"நாலு நாளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அண்ணி."

அண்ணி எழுந்தாள். குரலை உயர்த்தாமல், காய்ச்சல் இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை, குழந்தைகளை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். செருப்பு தேடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. தூக்குவதற்கென்று நான்கு பேர் மட்டும் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

அவள் வாசலில் நின்று சுகாதார அலுவலகத்துக்குப் பேசினாள். ஆய்வகத்தின் பெயர், தெரு, தன் பெயர், நாற்காலி முட்டுக்கொடுத்த கதவு, எல்லாம் சொன்னாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று அந்தப் பக்கம் கேட்டதற்கு, தங்கை என்றாள்.

பேசி முடித்துத் திரும்பினாள். கொசு வெளியே போகாதபடி அண்ணி உள்ளே ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தாள். கூடம், படுக்கையறை, சமையலறை என்று சத்தம் வீட்டைச் சுற்றி வந்தது. கடைசியில் வாசல் கதவும் மெதுவாக மூடிக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுகிறதா என்று கேட்டபடி அவள் படியிலேயே நின்றாள்.